யார் பிழைப்பார் என்று தெரியாத படம்

1997 அக்டோபரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் செனெகா க்ரீக் காட்டுக்குள் மூன்று இளம் நடிகர்கள் முதுகுப்பையும் கூடாரமும் சுமந்து நடந்துபோனார்கள். கையில் ஒரு வீடியோ கேமரா, ஒரு 16 மி.மீ. ஃபிலிம் கேமரா. ஒளிப்பதிவாளர் இல்லை, லைட்மேன் இல்லை, மேக்கப் இல்லை. படம் பிடிக்கவேண்டியவர்களும் அவர்களே. அடுத்து எங்கே போவது என்பதை ஜிபிஎஸ் கருவி காட்டியது. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதற்குள் ஃபிலிம் டப்பாக்களில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கக்கூடாது. அன்றைக்கு அவருடைய பாத்திரம் யாரை நம்புகிறது, யார்மேல் எரிச்சலில் இருக்கிறது என்பதுபோல ஏதாவது எழுதியிருக்கும். வசனத்தை அவர்களே பேசிக்கொள்ள வேண்டியதுதான். நாள் போகப்போகப் பெட்டியில் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. இரவில் இயக்குநர்கள் டேனியல் மைரிக்கும் எடுவார்டோ சான்செஸும் இருட்டோடு இருட்டாக வந்து கூடாரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். குழந்தைகளின் குரல்களைப் பதிவு செய்துவந்து மரங்களுக்கிடையே ஒலிக்கவிட்டார்கள்.

எட்டு நாள் படப்பிடிப்பு. சுமார் 20 மணி நேரக் காட்சிகளை வெட்டித் தொகுத்து 81 நிமிடமாக்கியதுதான் ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’. படம் பிடிக்க ஆன செலவு சில பத்தாயிரம் டாலர். 1999 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆர்ட்டிசன் நிறுவனம் அதை 11 லட்சம் டாலருக்கு வாங்கியது. உலகம் முழுவதும் அது வசூலித்தது ஏறத்தாழ 24.8 கோடி டாலர்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது மறு ஆண்டு நடந்தது. அதே பெயரை வைத்து, சுமார் 1.5 கோடி டாலர் செலவில், ஆர்ட்டிசனே இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்தது. சீரான ஒளிப்பதிவு, ராக் இசை, இடையிடையே ரத்தம் என்று முதல் படத்தில் இல்லாததெல்லாம் அதில் இருந்தன. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். முதல் படம் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்கள் இரண்டாவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். பெயர் அதே, சூனியக்காரி கதையும் அதே. பணம் வந்ததும் பயம் மட்டும் எங்கே போனது?

‘காட்டாமல் விட்டால் கற்பனை வேலை செய்யும்’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பெரிய பட்ஜெட் படம் பார்வையாளருக்கு முதலில் வாங்கித் தருவது ஆறுதலை. நட்சத்திரம் திரையில் வந்ததும், கடைசி ரீல் வரை இவருக்கு ஒன்றும் ஆகாது என்று உள்ளுக்குள் தெரிந்துவிடுகிறது. எங்கே பயப்பட வேண்டும் என்பதைப் பின்னணி இசை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறது. ‘இது சினிமா, பயப்படாதே’ என்று ஒளியமைப்பு தோளைத் தட்டுகிறது. கையில் காசில்லாமல் எடுத்த பேய்ப்படத்தில் இந்த ஆறுதல்கள் எதுவும் இல்லை. முகம் தெரியாத நடிகர். அவர் எந்த நிமிடமும் சாகலாம். எடுத்தவர் யாரென்று தெரியாது. அவர் எதுவரை போவார் என்றும் தெரியாது. சிறு முதலீட்டுச் சுயேச்சைத் திகில் படங்களின் ஈர்ப்பு அந்த உத்தரவாதம் இல்லாமையில்தான் இருக்கிறது.

ஓரன் பெலி என்ற கணினி நிரலாளர் சான் டியேகோவிலிருந்த தன் சொந்த வீட்டிலேயே எடுத்த ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’யை எடுத்துக்கொள்வோம். படப்பிடிப்பு ஏழு நாள், ஆரம்பச் செலவு 15,000 டாலர். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணைச் சின்ன வயதிலிருந்தே ஏதோ ஒன்று தொடர்கிறது. கூட வாழும் ஆண் படுக்கையறையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி இரவு முழுக்கப் பதிவு செய்கிறான். கேமரா அசைவதே இல்லை. ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் திறந்த கதவு, கதவுக்கு அப்பால் இருண்ட நடைவழி. திரையின் மூலையில் கடிகார எண்கள். இருவரும் தூங்கியதும் எண்கள் விறுவிறுவென்று ஓடுகின்றன: ஒரு மணி, இரண்டு மணி. திடீரென்று ஓட்டம் நின்று, நொடிகள் நிஜ வேகத்தில் நகரத் தொடங்குகின்றன. அவ்வளவுதான். படம் பாதி ஓடுவதற்குள் அரங்கமே அந்த எண்களைக் கண்டு நடுங்கக் கற்றுக்கொண்டுவிடுகிறது. கதவு சில அங்குலம் தானாக அசைவதுகூட அங்கே ஒரு பெரிய சம்பவம். ஓரிரவு அந்தப் பெண் எழுந்து, தூங்கும் துணைவனைப் பார்த்தபடி கட்டிலோரமாக நிற்கிறாள். எண்கள் ஓடுகின்றன, அவள் நகரவில்லை. மணிக்கணக்கில் அப்படியே நிற்கிறாள். தந்திரக் காட்சிக்கு அதில் ஒரு டாலர்கூடச் செலவாகியிருக்காது.

அசையாத கேமரா பார்வையாளரையும் வேலை வாங்குகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லித்தராததால், கண் திரை முழுக்க அலைந்து எதையாவது தேடுகிறது. கதவிடுக்கு, போர்வை மடிப்பு, சுவர் நிழல் எல்லாம் சந்தேகத்துக்குரியவை ஆகின்றன. வீடு திரும்பிய பின்னும் அந்தத் தேடல் நிற்பதில்லை. எல்லோர் வீட்டிலும் படுக்கையறைக் கதவு ஒன்று இருக்கிறதே. 2009இல் பாராமவுண்ட் நிறுவனம் கல்லூரி நகரங்களில் நள்ளிரவுக் காட்சிகளாகப் படத்தைத் திரையிட்டு, ‘எங்கள் ஊருக்கும் வேண்டும்’ என்று ரசிகர்களையே இணையத்தில் வாக்களிக்க வைத்தது. உலக வசூல் 19 கோடி டாலரைத் தாண்டியது.

இந்த வகைப் படங்களில் மூத்த ஒன்று பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தது. விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஆளுக்கு 600 டாலர் போட்டு ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். மொத்தப் பத்துப் பேர். அந்த 6,000 டாலரில் ஆரம்பித்து, இங்கும் அங்கும் திரட்டி, கடைசியில் ஏறத்தாழ 1,14,000 டாலரில் முடிந்தது ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968). கறுப்பு வெள்ளைப் படம். எவான்ஸ் சிட்டி அருகே இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீட்டைப் பிடித்தார்கள். எப்படியும் இடியப்போகும் வீடு என்பதால் ஆணியடிக்கவும் சன்னலை உடைக்கவும் யாரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை. திரையில் ரத்தமாக வழிந்தது சாக்லேட் சிரப். நடைப்பிணங்கள் கடித்துத் தின்ற சதையைக் கொடுத்தவர் படத்தில் பணம் போட்ட ஒரு கசாப்புக் கடைக்காரர்.

நாயகன் டுவேன் ஜோன்ஸ் ஒரு கறுப்பின நடிகர். அந்தப் பாத்திரம் கறுப்பினத்தவர் என்று திரைக்கதையில் எழுதப்படவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் சிறப்பாக நடித்தார், அதனால் எடுத்துக்கொண்டோம் என்று ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு ஸ்டுடியோவின் பணத்தில் எடுத்திருந்தால் 1968இல் இது எளிதில் நடந்திருக்காது. முடிவைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் பிணங்களோடு போராடி, அந்த வீட்டில் ஒற்றை ஆளாக உயிர் தப்பும் நாயகன், விடிந்ததும் சன்னலோரம் வருகிறான். உதவிக்கு வந்த ஆயுதக் கும்பல் அவனையும் பிணமென்று எண்ணிச் சுட்டுத் தள்ளுகிறது. பிறகு அசையாப் படங்கள், பத்திரிகைப் புகைப்படங்கள் போலச் சொரசொரப்பாக: இறைச்சிக் கொக்கிகளோடு அவன் உடலை இழுத்துப்போகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டு அது. அமெரிக்கப் பார்வையாளருக்கு அந்தப் படங்கள் எதை நினைவூட்டியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

அன்று குழந்தைகளுக்கான பகல் காட்சியில் படம் பார்த்த விமர்சகர் ரோஜர் ஈபர்ட், அரங்கின் சத்தமெல்லாம் மெல்ல அடங்கிப்போனதையும், ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுததையும் எழுதினார். அதுவரை பார்த்த பேய்ப்படங்களில் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்பதைப் பழகியிருந்த குழந்தைகள் அவர்கள். ‘முடிவை மாற்று’ என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் யாரும் இல்லாத படத்தில்தான் இப்படி ஒரு முடிவு சாத்தியம். குறைந்த செலவு தரும் மிகப் பெரிய சுதந்திரம் இதுதான். சுயேச்சைத் திகில் படங்களை ஒதுக்கிவிட முடியாததற்கும் இதுவே முதல் காரணம்.

இவை ரத்தவெறிப் படங்கள்தானே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ‘தி டெக்சஸ் செயின் சா மசாக்கர்’ (1974) என்ற பெயரைக் கேட்டாலே அப்படித்தான் தோன்றும். ஆனால் இயக்குநர் டோப் ஹூப்பர் திரையில் ரத்தத்தை மிகவும் குறைத்தே காட்டினார். சிறுவர்களும் பார்க்கக்கூடிய சான்றிதழ் கிடைக்கும் என்றுகூட நம்பியிருந்தார். ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும் காட்சியில் கொக்கி உடலில் இறங்குவதைக் கேமரா காட்டவே இல்லை. அவளைத் தூக்குவது தெரிகிறது, முகம் தெரிகிறது, கீழே ஒரு வாளி தெரிகிறது. ‘கொக்கி குத்தியதைப் பார்த்தேன்’ என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள். படத்தின் உண்மையான கொடுமை வேறிடத்தில் இருக்கிறது. 1973 கோடையில், 38 டிகிரியைத் தாண்டிய டெக்சஸ் வெயிலில், சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய வீட்டுக்குள் ஒரு விருந்துக் காட்சியை ஒரே மூச்சில் 26 மணி நேரத்துக்கு மேல் எடுத்தார்கள். மேசையில் இருந்த இறைச்சி விளக்குச் சூட்டில் அழுகி நாறியது. ஆட்கள் வெளியே ஓடி வாந்தியெடுத்துவிட்டு வந்தார்கள். மாற்று உடை வாங்கக் காசில்லாததால் கொலைகாரனாக நடித்த குன்னார் ஹான்சன் ஒரே உடையைத் துவைக்காமல் வாரக்கணக்கில் அணிந்திருந்தார். நடிகை மேரிலின் பர்ன்ஸ் அந்த மேசையில் அலறும் அலறலில் நடிப்பு எவ்வளவு, சோர்வு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதைப் பாராட்டும்போதே, நடிகரை இப்படி வதைத்துத்தான் படம் எடுக்க வேண்டுமா என்றும் கேட்டாக வேண்டும். வேண்டியதில்லை என்பதற்கு பெலியின் படுக்கையறையே சாட்சி.

கையில் இருப்பதைக் கொண்டு கதை பண்ணும் சாமர்த்தியம் இந்தப் படங்களின் இன்னொரு இன்பம். கான்சாஸ் மாநிலத்தில் தொழிற்பயிற்சிப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி, சால்ட் லேக் நகருக்கு அருகே கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்தார். இடம் முதலில் கிடைத்தது, கதை பிறகு வந்தது: ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962), ஏறத்தாழ 33,000 டாலர். ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) கொலைகாரன் அணிந்திருக்கும் உணர்ச்சியற்ற வெள்ளை முகமூடி, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய ‘ஸ்டார் டிரெக்’ கேப்டன் கிர்க்கின் முகமூடிதான். வெள்ளை பெயின்ட் அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். ‘தி ஈவில் டெட்’ (1981) படத்தில் காட்டுக்குள் சீறிப் பாயும் அரூபச் சக்தியின் பார்வை, ஒரு மரப்பலகையில் கேமராவைப் பொருத்தி இரண்டு பேர் இரு முனையையும் பிடித்துக்கொண்டு ஓடியதால் கிடைத்தது. அதன் இயக்குநர் சாம் ரெய்மி பின்னாளில் ‘ஸ்பைடர்மேன்’ எடுத்தார். அந்தப் பலகையின் வேகம் அதிலும் தெரிகிறது.

இதற்காக, காசில்லாமல் எடுத்ததெல்லாம் கலை என்று சொல்லிவிட முடியாது. ‘பிளேர் விட்ச்’, ‘பேராநார்மல்’ வெற்றிகளுக்குப் பிறகு ஆடும் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் கிளம்பினார்கள். அவர்கள் எடுத்தவற்றில் பெரும்பகுதி இன்று யாருக்கும் நினைவில்லை. திடீர்ச் சத்தம் போட்டு ஆளைத் துள்ள வைப்பது பயமுறுத்துவது ஆகாது. காசில்லாமையை உத்தியாக மாற்ற உழைக்க வேண்டும். கனடாவின் கைல் எட்வர்ட் பால், தான் வளர்ந்த வீட்டிலேயே 15,000 டாலரில் எடுத்த ‘ஸ்கின்னமரிங்க்’ (2022) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முகங்களே சரியாகத் தெரியாது. விட்டத்தின் மூலை, கம்பளம், தொலைக்காட்சி வெளிச்சம், இவ்வளவுதான். பாதியில் எழுந்துபோனவர்கள் நிறையப் பேர். நடுராத்திரியில் விழித்துக்கொண்டு அப்பாவைத் தேடிய குழந்தைப் பருவ நினைவு உள்ளவர்களுக்கோ அது தாங்க முடியாத படம். எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அந்த உரிமையை மதிக்க வேண்டும்.

வசூல் கணக்கைப் பார்த்து வாய்பிளக்கும்போது, அந்தப் பணம் யாரிடம் போனது என்றும் கேட்க வேண்டும். ‘டெக்சஸ்’ படத்தில் வியர்வை சிந்தியவர்களுக்கு விநியோகஸ்தரிடமிருந்து வந்து சேர்ந்தது சொற்பத் தொகை. ரொமேரோவின் படத்துக்கு விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் பெயரை மாற்றியபோது, பிரதியில் காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனாலேயே படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்றார்கள். உலகமே நடைப்பிணக் கதைகளைக் கற்றுக்கொண்டது. உண்டாக்கியவருக்கு உரிய பங்கு வரவில்லை. ‘பிளேர் விட்ச்’ நடிகர்கள் ஹெதர் டானஹியூ, மைக்கேல் வில்லியம்ஸ், ஜோஷுவா லெனார்ட் மூவரும் சொந்தப் பெயரிலேயே நடித்தவர்கள். அவர்கள் நிஜமாகவே காணாமல் போனார்கள் என்று விளம்பரம் செய்யப்பட்டதால், படம் வெளிவரும் நேரத்தில் வெளியே தலைகாட்டக்கூட அவர்களுக்கு அனுமதியில்லை. ஹெதரின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. புதிய ‘பிளேர் விட்ச்’ படம் அறிவிக்கப்பட்ட 2024 ஏப்ரலில், தங்களுக்கு உரிய பங்கைத் தர வேண்டும் என்று மூவரும் இப்போதைய உரிமையாளரான லயன்ஸ்கேட்டுக்கு வெளிப்படையாகக் கோரிக்கை வைத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் கேட்டுப் பெறவேண்டிய நிலை என்றால் அது அநியாயம். குறைந்த செலவின் அழகைக் கொண்டாடுபவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

குறைந்த செலவில் பேய்ப்படம் எடுப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. ராம்சே சகோதரர்கள் எழுவர் எழுத்து, ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு, இயக்கம் என்று வேலையைக் குடும்பத்துக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டு, மகாபலேஷ்வரில் தங்கி ‘தோ கஸ் ஸமீன் கே நீச்சே’யை (1972) எடுத்தார்கள். அண்டை மலையாளத்தில் ராகுல் சதாசிவனின் ‘பூதகாலம்’ (2022) ஒரே வீட்டையும் ஒரு தாயையும் மகனையும் வைத்துக்கொண்டு, மனச்சோர்வு எது, பேய் எது என்று பிரிக்க முடியாதபடி பயமுறுத்தியது. தமிழில் 2012இல் கார்த்திக் சுப்புராஜ் தன் முதல் படமான ‘பீட்சா’வைச் சிறு முதலீட்டில் எடுத்தார். மின்சாரம் போன பங்களாவில் கையில் டார்ச் லைட்டோடு திரியும் விஜய் சேதுபதி அன்று நட்சத்திரம் அல்ல. அவருக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காட்சிகளின் பலம் பாதிக்குமேல் அந்த அறியாமைதான். இன்று அதே கதையை அதே நடிகரை வைத்து எடுத்தால் அந்தப் பயம் வராது.

ஆனாலும் தமிழ்ப் பேய்ப்படம் பெரும்பாலும் வேறு திசையில் போய்விட்டது. ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வரிசைகள் குடும்பத்தோடு சிரித்துப் பார்க்கும் திருவிழாப் படங்கள். அவை தரும் சந்தோஷம் உண்மையானது. ஆனால் அவற்றில் பயம் ஊறுகாய்தான். பெரிய நடிகரின் தேதி கிடைத்தால்தான் பேயும் வரும் என்ற நிலை, இந்த வகைக்கு உயிர்கொடுத்த காரணத்தையே எடுத்துவிடுகிறது. தயாரிப்பாளர்கள் ஒரு நட்சத்திரப் படத்துக்குப் போடும் பணத்தில் ஒரு சிறு பங்கை, முகம் தெரியாத நாலு இயக்குநர்களுக்குப் பிரித்துக்கொடுத்து, முடிவில் கைவைக்காமல் விட்டுப்பார்க்கலாம்.

இப்படிப்பட்ட சிறு படம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பான் ஓர் உதாரணம். அங்கே ஷினிச்சிரோ உவேடா, ஒரு நடிப்புப் பட்டறை மாணவர்களை வைத்து 30 லட்சம் யென்னில் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ எடுத்தார். ஆரம்பத்தில் 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். அதற்குப் பிறகு வருவதை இங்கே சொல்லக்கூடாது. 2018 ஜூனில் டோக்கியோவின் இரண்டே அரங்குகளில் வெளியானது. பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லியே நூற்றுக்கணக்கான திரைகளுக்குப் பரவி, 300 கோடி யென்னுக்குமேல் வசூலித்தது. நம் ஊரில் சிறு படத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வாரம், சில ஊர்களில் இரண்டு காட்சி. ஆகவே, பெயர் தெரியாத நடிகர்களோடு ஒரு பேய்ப்படம் வந்தால், ஓடிடிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் மூன்று நாளுக்குள் தியேட்டருக்குப் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.